விசைப்பலகையில் சிந்திய இனிப்புப் பானத்தை நீக்குதல்

தேநீர், கரும்புச்சாறு, குளிர்பானம் போன்ற இனிப்பூட்டிய நீர்மங்கள் கணினி விசைப்பலகையில் சிந்தினால், மின்னிணைப்பைத் துண்டித்து, சர்க்கரைப் படிவைக் கரைத்து நீக்கி, முழுமையாக உலர்த்துவது அதனைத் தூய்மையாக்கும் முறையாகும். வெறும் நீர் சிந்திய விசைப்பலகை, மின்னிணைப்பு உடனே நீக்கப்பட்டால், பெரும்பாலும் உலர்ந்தபின் பழையபடி இயங்கும். இனிப்புப் பானம் அவ்வாறன்று. நீர் ஆவியானபின்னும் சர்க்கரை உள்ளேயே தங்கிவிடுகிறது. எனவே காயவைப்பது மட்டும் தீர்வாகாது.

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் தென்பெண்ணையாற்றின் தென்கரையில் அமைந்துள்ள திருக்கோவிலூர், கரும்பு விளையும் வட்டாரத்தைச் சேர்ந்தது. மாவட்டத்தில் மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் உள்ளன. இத்தகைய ஊர்களின் கணினி மையங்களில் மேசைமேல் வைக்கப்படும் குவளையில் பாலும் சர்க்கரையும் சேர்ந்த தேநீரோ கரும்புச்சாறோ இருப்பது இயல்பு. கரும்புச்சாற்றில் நூற்றுக்கு ஏறத்தாழ 15 பங்கு சர்க்கரை உண்டு. கோலா வகைப் பானங்களில் ஏறத்தாழ 10 பங்கு. பால் கலந்த தேநீர் கொழுப்பையும் புரதத்தையும் சேர்த்தே விட்டுச் செல்வதால், சில நாட்களில் புளித்த வாடையும் வரும். எறும்புகளைப் பற்றித் தனியே கூறத் தேவையில்லை.

பாதிப்பு நிகழும் விதம்

விலை குறைந்த விசைப்பலகைகளில் பெரும்பாலானவை மென்படல வகையைச் சேர்ந்தவை. இவற்றில் மூன்று நெகிழித் தாள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். மேல் தாளிலும் கீழ்த் தாளிலும் மின்கடத்தும் மையால் தடங்கள் அச்சிடப்பட்டிருக்கும். நடுத்தாளில் விசைகளுக்கு நேராகத் துளைகள் இருக்கும். விசையை அழுத்தும்போது அதன் கீழுள்ள இரப்பர்க் குமிழ் அமுங்கி, இரு தடங்களும் துளை வழியே தொட்டுக்கொள்கின்றன. சிந்திய பானம் தாள்களின் இடைவெளியில் நுண்புழை விளைவால் ஈர்க்கப்பட்டு, சிந்திய இடத்திலிருந்து விலகியும் பரவக்கூடும். ஈரமும் மின்னழுத்தமும் ஒருசேர இருக்கும்போது மின்பகுப்பு நிகழ்ந்து தடங்கள் அரிக்கப்படுகின்றன. யூஎஸ்பி இணைப்பின் 5 வோல்ட்டு இதற்குப் போதுமானது.

தடங்கள் நிரை, நிரல் என்னும் கட்டமாக அமைந்திருப்பதால், ஒரு தடம் அறுந்தால் பல விசைகள் சேர்ந்தே செயலிழக்கும். ஒரே ஒரு விசை மட்டும் தயங்கினால் பெரும்பாலும் அது பிசுபிசுப்பு. ஒன்றுக்கொன்று தொடர்பற்றவை போலத் தோன்றும் பல விசைகள் ஒருங்கே செயலற்றால் அது தட அரிப்பு. முன்னது கழுவினால் தீரும். பின்னது கழுவித் தீராது.

முற்றிலும் செயலிழந்த விசையைவிட, பாதி ஒட்டும் விசையே அதிகத் தொல்லை தரும். மேலெழத் தாமதிக்கும் விசையை இயங்குதளம் தொடர் அழுத்தமாகக் கொண்டு எழுத்தை மீண்டும் இடுகிறது. 1999ஆம் ஆண்டு அறிமுகமான தமிழ்99 முறையில் ஒரே மெய்வரிசை விசையை இருமுறை அழுத்தினால் முதலெழுத்து தானாகவே புள்ளி பெறும். எனவே 'ட' விசை ஒட்டினால் 'படம்' என்பது 'பட்டம்' எனவும், 'கடை' என்பது 'கட்டை' எனவும் பதிவாகும். இவை யாவும் முறையான சொற்களாதலால் எழுத்துப்பிழை திருத்திகள் இவற்றைக் காட்டிக்கொடுப்பதில்லை. எண் விசைகளிலும் இதே இடர் உண்டு. ஆதார் எண் 12 இலக்கங்கள் என வரையறுக்கப்பட்டிருப்பதால் மிகுதியான இலக்கத்தைப் படிவம் மறுத்துவிடும். வங்கிக் கணக்கு எண்ணின் நீளமோ வங்கிக்கு வங்கி வேறுபடும். பிறருக்காக விண்ணப்பம் நிரப்பும் மையங்களில் இத்தகைய விசைப்பலகையைச் சரிசெய்யாமல் பயன்படுத்துவது தகாது.

நீரா, ஆல்ககாலா?

மின்னணுக் கருவி என்றவுடன் பலர் ஐசோபுரொப்பைல் ஆல்ககாலை நாடுகின்றனர். ஆனால் சர்க்கரை நீரில் எளிதில் கரையும்; தூய ஆல்ககாலில் கரைவது மிகச் சொற்பம். ஆல்ககாலால் மட்டும் துடைக்கும்போது பிசுபிசுப்பு இடம் மாறுமேயன்றி நீங்காது. முதலில் நீரால் சர்க்கரையை நீக்கி, பின்னர் எஞ்சிய ஈரத்தை விரைவில் போக்கவே ஆல்ககால் பயன்பட வேண்டும். அது எளிதில் தீப்பற்றும் என்பதால் காற்றோட்டமான இடத்தில் கையாளுதல் நன்று. அசிட்டோன், தின்னர் ஆகியவை விசை மூடிகளின் நெகிழியையே கரைத்துவிடும்.

ஆழ்துளைக் கிணற்று நீரில் கரைந்துள்ள உப்புகள் காய்ந்தபின் வெண்படிவாகத் தங்கும். ஆதலால் கடைசி அலசலுக்குக் காய்ச்சி வடித்த நீரே ஏற்றது. வாகன மின்கலங்களில் ஊற்றுவதற்காக இது கடைகளில் விற்கப்படுகிறது. அதே கடைகளில் மின்கல அமிலமும் கிடைப்பதால் சிட்டையைப் படித்து வாங்க வேண்டும்.

செய்முறை

முதலில் இணைப்பு வடத்தைப் பிடுங்க வேண்டும். கம்பியில்லா வகையாயின் மின்கலங்களை அகற்ற வேண்டும். பின்னர் விசைப்பலகையைக் கவிழ்த்துப் பிடித்து நீர்மத்தை வடியவிட்டு, துணியால் ஒற்றி எடுக்கலாம். விசை மூடிகளைக் கழற்றுமுன் அவற்றின் வரிசையைப் படம் எடுத்துக்கொள்வது பயன் தரும். கழற்றிய மூடிகளைப் பாத்திரம் துலக்கும் நீர்மம் கலந்த வெதுவெதுப்பான நீரில் ஊறவிட்டுத் தேய்க்கலாம். தமிழ் எழுத்து ஒட்டிகள் உள்ள மூடிகளை ஊறவிடாமல் ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

மென்படல வகையில் பின்புறத் திருகுகளைக் கழற்றி, சிறிய மின்சுற்றுப் பலகையைத் தனியே வைத்துவிட்டு, தாள்களை ஈரமான மெல்லிய துணியால் இலேசாகத் துடைக்க வேண்டும். அழுத்தித் தேய்த்தால் கடத்தும் மை உரிந்துவிடும். பொறிமுறை ஆளிகள் கொண்ட விசைப்பலகையில், ஒட்டும் ஆளியில் சில துளிகள் காய்ச்சி வடித்த நீர் விட்டுப் பலமுறை அழுத்தி, கவிழ்த்து வடித்து, இறுதியில் ஆல்ககால் விட்டு மீண்டும் அழுத்துவது வழக்கம்.

நிழலில், காற்றோட்டத்தில் இரண்டு நாட்கள் உலரவிட வேண்டும். முடி உலர்த்தியின் சூடான காற்று தாள்களை நெளியச் செய்யும். அரிசியில் புதைத்து வைப்பதால் பயனில்லை. அரிசி மாவுத்தூள் உள்ளே புகுவதே மிச்சம்.

மடிக்கணினி

மடிக்கணினியில் விசைப்பலகைக்கு நேர் கீழே தாய்ப்பலகை அமைந்திருப்பதால் மேற்கூறிய அலசல் முறை எதுவும் பொருந்தாது. ஆற்றல் பொத்தானைத் தொடர்ந்து அழுத்தி உடனே அணைத்து, மின்னேற்றியை நீக்கி, கழற்றக்கூடிய மின்கலமாயின் அதனையும் எடுத்துவிட்டு, கூடாரம் போல் விரித்துக் கவிழ்த்து வைக்க வேண்டும். இயங்குகிறதா எனச் சோதிக்க மீண்டும் இயக்கிப் பார்ப்பதே பல தாய்ப்பலகைகள் பழுதாகக் காரணம். தமிழ்நாடு அரசு 2011 முதல் வழங்கிய விலையில்லா மடிக்கணினி பல மாணவர் வீடுகளில் முதற்கணினியாக அமைந்தது. அத்தகைய வீட்டில் பழுதான தாய்ப்பலகைக்கு மாற்று எளிதன்று. இங்கு உட்புறத்தைத் திறந்து பார்க்கத் தெரிந்த பழுதுநீக்குநரிடம் அன்றே கொடுப்பது நலம். தனி விசைப்பலகையோ சில நூறு ரூபாய்க்குக் கிடைப்பது. தட அரிப்பு தெரிந்தபின் அதனோடு போராடாமல் புதியது வாங்குவதே சிக்கனம்.