சிற்றுருவில் ஒரு பாலை

பெரியதைச் சிறிதாக்கிக் கண்முன் வைத்துக் காண விழைவது மாந்தர் இயல்பு. சிறுமியர் சொப்பு வைத்துச் சோறு சமைப்பதும், சிறுவர் நுங்குக் கூந்தலில் வண்டி செய்து உருட்டுவதும், நவராத்திரி நாள்களில் நம் அண்டை வீட்டார் கொலுப்படியின் அருகே மணல் பரப்பிக் கேழ்வரகு முளைக்கவிட்டுப் பூங்கா அமைப்பதும் இவ்விழைவின் வெளிப்பாடுகளே. இதனையே மேனாட்டார் ஒரு கலையாக வளர்த்து ‘டயோரமா’ என்றனர். பாரிசு நகரில் 1822-ஆம் ஆண்டு டாகர் என்பார் பெருந்திரை ஓவியங்களின் மீது ஒளியை மாற்றி மாற்றிப் பாய்ச்சிக் காட்டிய காட்சிக்கு முதலில் ஏற்பட்ட பெயர் அது. பின்னர், அளவு குறைத்துச் செய்த வண்டிகளும் மாந்த உருவங்களும் நிலப்பரப்பும் சேர்ந்து ஒரு நிகழ்ச்சியை உரைக்கும் அமைப்பிற்கு அப்பெயர் உரியதாயிற்று. நாம் அதனைச் ‘சிற்றுருக்காட்சி’ என்று வழங்குவோம்.

நம் துறை மாணவர் சிலர் கல்லூரிக் கண்காட்சிக்குப் பாலைவனப் போர்க்களம் ஒன்றைச் சிற்றுருக்காட்சியாகச் செய்ய விரும்பி எம்மை அணுகினர். “தமிழ்த் துறைக்கும் படைவண்டிக்கும் என்ன தொடர்பு?” என்று நண்பர் ஒருவர் நகைத்தார். தொடர்பு உண்டு என்பதையும், அதனை நாமே பிந்தித்தான் உணர்ந்தோம் என்பதையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எதைக் காட்டுவது?

முதன்முறை செய்வோர் பெரும்போரைக் காட்ட முனைவது இயல்பு. 1971 திசம்பரில் இராசத்தானத்து இலோங்கேவாலாவில் மேசர் குல்தீப் சிங் சாந்த்புரியின் சிறுபடை பகைவரின் டாங்கிகளை ஓர் இரவு முழுதும் தடுத்து நிறுத்திய செய்தியை மாணவர் முதலில் முன்வைத்தனர். ஆயின் கணக்குப் பார்த்தபோது அவ்வெண்ணம் கைவிடப்பட்டது. டாமியா என்னும் சப்பானிய நிறுவனத்தால் உலகெங்கும் பரவிய அளவு 35-இல் ஒரு பங்கு. அவ்வளவில் ஓரடி நீளப் பலகை, அதாவது 30 சென்டிமீட்டர், காட்டக்கூடிய நிலம் பத்தரை மீட்டர் மட்டுமே. அதில் ஒரு லாரியும் நான்கைந்து வீரரும் நிற்கலாம், போர்க்களம் அடங்காது. 72-இல் ஒரு பங்கு அளவைக் கொண்டாலும் இருபத்திரண்டு மீட்டருக்கு மேல் இல்லை. எனவே, சிறிய இடத்தில் சிலர் செய்த ஒரு செயலைத் தேர்ந்தெடுத்தலே தொடக்க நிலையில் அறிவுடைமை.

அப்போது எம் பாட்டனாரின் தமையனார் நினைவுக்கு வந்தார். ஆழ்வார்திருநகரியிலிருந்து படைக்குச் சென்று, மதராஸ் சாப்பர் படையில் லாரி ஓட்டி, போர் முடிந்து மீண்டவர் அவர். எம் சிறுவயதில் காலமானார். போரைப் பற்றி அவர் பேசியதாக நினைவில்லை. ஆனால் பிள்ளைகள் வெளியூர் புறப்படும்போதெல்லாம், “வெள்ளை நாடாவை விட்டு விலகாதே” என்பார். அதன் பொருள் எமக்கு நெடுநாள் விளங்கவில்லை.

எகிப்து நாட்டு எல் அலமெயினில் 1942 அக்டோபர் 23-ஆம் நாள் இரவு தொடங்கிய போரைப் படித்தபோது அது விளங்கிற்று. செருமானியரும் இத்தாலியரும் அங்கு நிலத்தில் புதைத்த கண்ணிவெடிகள் பல இலட்சம். அவற்றை அகற்றிப் படை செல்ல வழி அமைப்பது பொறியாளர் படையினரான சாப்பர்களின் கடமை. கண்ணிகளை அகற்றிய பாதையின் இரு மருங்கிலும் வெள்ளை நாடா விரித்து எல்லை காட்டினர். நாடாவிற்குள் வாழ்வு, வெளியே சாவு. ஆகவே, கண்ணிவெடி அகற்றும் சாப்பர் குழுவினையே நம் பொருளாகக் கொண்டோம்.

முதற்பொருள்

தொல்காப்பியர் அகத்திணைக்கு முதல், கரு, உரி என மூன்று பொருள் வகுத்தார். நிலமும் பொழுதும் முதற்பொருள். சிற்றுருக்காட்சியும் அவ்வரிசையிலேயே அமைதல் வேண்டும் என்பது வேலையினூடே நாம் கற்றது.

பாலை என்றதும் மாணவர் கண்முன் வந்தது நம் மாவட்டத்துத் தேரி. நாசரேத்தைக் கடந்து தெற்கே சென்று தேரிமண் கொணர்ந்து பலகையில் பரப்பினர். காட்சி செக்கச் சிவந்து விளங்கிற்று; ஆயினும் பொருந்தவில்லை. தேரிமண்ணின் செம்மை அதன் மீது படிந்த இரும்புத்துருவால் வந்தது. எகிப்தின் மேற்குப் பாலையோ வெளிறிய நிறத்தது, சுண்ணாம்புக் கல்லும் சரளையும் மிகுந்து, மணல் மெல்லிதாய்ப் படிந்த கட்டாந்தரை, இடையிடையே முட்புதர். “அங்கே மணலைவிடக் கல்லும் புழுதியும்தான்” என்று பெரியவர் சொன்னதாக எம் தந்தையார் கூறினார். மண்ணை எல்லாம் வழித்தெடுத்து மீண்டும் தொடங்கினோம்.

அடிப்பலகையின் மீது தெர்மாகோல் தகட்டை ஏற்ற இறக்கமாகச் செதுக்கி ஒட்டுதல் வேண்டும். கரைப்பான் கலந்த பசையும் தெளிப்பு வண்ணமும் தெர்மாகோலைத் தின்றுவிடும். வெள்ளைப் பசையே தகும். அதன்மேல் பிளாஸ்டர் ஆப் பாரிசு பூசுக. அது விரைந்து இறுகும். சில துளி எலுமிச்சைச் சாறு சேர்த்தால் சற்றே தாமதமாகும். இறுகுமுன் மாதிரி லாரியின் சக்கரத்தை அழுத்தி உருட்டித் தடம் பதித்தல் வேண்டும்.

மணலுக்கும் அளவு உண்டு. ஒரு மில்லிமீட்டர் பருமனுள்ள மணல் இக்காட்சியில் மூன்றரை சென்டிமீட்டர்க் கல்லாகிவிடும். அஃதாவது எலுமிச்சம்பழ அளவு. எனவே மாவுச் சல்லடையில் சலித்து, பின் மெல்லிய துணியிலும் சலித்து, அடியில் தங்கும் தூளையே மணலாகக் கொள்க. சல்லடையில் நின்றவை சரளைக்கு ஆகும். கடற்கரை மணலாயின் பலமுறை கழுவி உலர்த்துக. உப்பு ஈரத்தை ஈர்த்துப் பசையைக் கெடுக்கும். பெவிகாலில் நீரும் சிறிது சோப்பு நீரும் கலந்து தெளித்தால் பசை மணலினூடே பரவும்.

பாலைக்குத் தொல்காப்பியர் உரைத்த சிறுபொழுது நண்பகல். எல் அலமெயினில் முதற்பாதைகள் இரவிலேயே திறக்கப்பட்டன. ஆயினும் போர் கடந்து சென்றபின் எஞ்சிய கண்ணிகளைப் பகலிலும் அகற்ற வேண்டியிருந்தது. அந்நண்பகலையே நாம் கொண்டோம். நண்பகலைக் காட்டும் வழி எளிது: நிறத்தை வெளிறச் செய்து, வண்டியின் அடியிலும் உருவங்களின் காலடியிலும் மட்டும் அடர்ந்த நிழல் தீட்டுவதே.

கருப்பொருள்

வண்டியும் கருவியும் மாந்தரும் இனி வருவன. கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் மாதிரியின் உறுப்புகளைப் பிய்த்தெடுக்காது வெட்டியெடுத்து, ஓரங்களைத் தேய்த்து, ஒட்டுமுன் பொருத்திப் பார்த்தல் முதற்பாடம். பெட்டியில் குறித்த வண்ணத்தில் சிறிது வெண்மை கலந்து தீட்டுக. சிறிய பொருளில் அதே வண்ணம் கருமை மிகுந்து தோன்றும். அது காய்ந்தபின் நீர்த்த பழுப்பு வண்ணத்தை இடுக்குகளில் ஓடவிட்டு, ஏறத்தாழ உலர்ந்த தூரிகையில் வெளிர்நிறம் தொட்டு மேடுகளில் தடவினால் வெயிலும் புழுதியும் ஏறிய தோற்றம் அமையும்.

விலைக்கு வாங்காமல் செய்யக்கூடியவையும் பல. செருமானியரின் டெல்லர் கண்ணிவெடி ஏறத்தாழ 32 சென்டிமீட்டர் விட்டமுடையது. நம் அளவில் அது 9 மில்லிமீட்டர். சட்டைக் கழுத்துப்பட்டையின் சிறு பொத்தானே அது! துளைகளை அடைத்து வண்ணம் தீட்டினால் போதும். போலந்து நாட்டு அதிகாரி கோசாட்ஸ்கி 1941-இல் வடிவமைத்த கண்ணி அறியும் கருவி அப்போரில் பயன்பட்டது. பழைய மின்விசிறிச் செம்புக் கம்பியை வளைத்து அதனைச் செய்தோம். வேட்டி ஓரத்து வெண்ணூல் நாடாவாயிற்று. தேங்காய்த் தும்பும் பனைநாரும் முட்புதராயின.

உருவங்களைப் பொருத்தவரை, ஐந்தரை அடி உயர வீரன் ஐந்து சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகவே நிற்பான். அவன் மணலின் மேல் மிதப்பதுபோல் நிற்பதே புதியவர் செய்யும் முதற்பிழை. காலில் கம்பி செருகி, பிளாஸ்டர் ஈரமாயுள்ளபோதே பாதத்தைச் சற்று அழுந்த நிறுத்துதல் வேண்டும். ஒருவன் கருவியால் துழாவ, ஒருவன் குப்புறப் படுத்துத் துப்பாக்கிக் கத்தியால் மண்ணைச் சாய்வாகக் குத்திப் பார்க்க, ஒருவன் நாடா விரிக்கிறான். மூவர் பார்வையும் மண்ணில் ஓரிடத்தையே நோக்க அமைத்தோம். லாரியைப் பலகையின் ஓரத்திற்கு இணையாக வைக்காமல் சாய்த்து நிறுத்தி, பாதிப் பலகையை வெறுமையாக விட்டோம். வெறுமை இல்லையேல் பாலை இல்லை.

ஓர் இடர்ப்பாடு எழுந்தது. பெட்டிகளில் வரும் வீரர் பெரும்பாலும் ஐரோப்பியர். இந்தியர் என்றால் தலைப்பாகை அணிந்த சீக்கியராகவே அமைகின்றனர். 25 இலட்சத்திற்கும் மேற்பட்ட இந்தியர் இரண்டாம் உலகப்போரில் பணியாற்றினர். நான்காம் இந்தியப் படைப்பிரிவுடன் மதராஸ் சாப்பர்கள் பாலைக்குச் சென்றனர். ஆயினும் தமிழ் முகத்தைப் பெட்டியில் காணோம். எஃகுத் தொப்பியணிந்த உருவங்களை எடுத்து, நம் மாணவரின் கைநிறத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தே வண்ணம் கலந்து தீட்டினோம்.

உரிப்பொருள்

காட்சி நிறைவுற்றது என்றே எண்ணினோம். கல்லூரிக்குக் கொண்டுசெல்லுமுன் வீட்டில் வைத்திருந்தபோது, அப்பெரியவரின் மகளும் எம் தந்தைக்கு ஒன்றுவிட்ட தமக்கையுமாகிய மாமி காண வந்தார். தந்தையார் படைக்குச் சென்றபோது அவர் கைக்குழந்தை. திரும்பி வந்தபோது இவர் யாரென்று அழுது ஓடியதாகச் சொல்வார். இன்று வயது எண்பதைக் கடந்துவிட்டது. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நெடுநேரம் குனிந்து பார்த்தார்.

“எல்லாம் நல்லாத்தான் இருக்கு மவனே. இதுல எங்க வாப்பா எங்கே?”

அவர் லாரி ஓட்டியவர். நாம் லாரியை வைத்தோம். ஓட்டுநர் இருக்கையை வெறுமையாக விட்டிருந்தோம்.

பாடம் நடத்தும் நாம் பாடத்தை மறந்தது அப்போதுதான் விளங்கிற்று. முதலும் கருவும் அமைத்தோம், உரியை விட்டோம். பாலையின் உரிப்பொருள் பிரிவு. ஓதல், பகை, தூது எனப் பிரிவை எண்ணிய தொல்காப்பியர் போருக்குப் பிரிதலையும் அதனுள் வைத்தார். அதுமட்டுமன்று. அகத்திணை ஒவ்வொன்றிற்கும் புறம் கூறுங்கால், பாலைக்குப் புறமாக அவர் அமைத்தது வாகை. வெளியே வெற்றி; அதன் உள்ளே பிரிவு. போர்க்காட்சி செய்வோர் பலர் வாகையைச் செய்து முடித்து எழுந்துவிடுகின்றனர். அதன் அகமாகிய பாலையைக் காண்பதில்லை. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்று சிலப்பதிகாரம் காட்டும். வீடும் அவ்வாறே திரியும்.

மறுநாள் மாணவர் மற்றோர் உருவம் செய்தனர். லாரியின் நிழலில் சக்கரத்தில் சாய்ந்து அமர்ந்திருக்கிறான் ஓட்டுநன். கையில் ஆறு மில்லிமீட்டர் அளவுள்ள வெண்தாள், மடித்த கோடுகளுடன். கடிதத்தில் எதுவும் எழுதவில்லை; எழுதினாலும் கண்ணுக்குத் தெரியாது. மாமியை மீண்டும் அழைத்துக் காட்டினோம். அவர் எதுவும் கூறவில்லை. விரலால் அந்த லாரியின் கூரையை ஒருமுறை தொட்டார்.

நிறைவாக

எல் அலமெயின் போர்க் கல்லறையில் 7,200-க்கும் மேற்பட்டோர் அடங்கியுள்ளனர். எரியூட்டப்பட்ட 600-க்கும் மேற்பட்ட வீரருக்கு அங்குத் தனி நினைவிடம் உண்டு. மதராஸ் சாப்பர் படையைச் சார்ந்த சுபேதார் சுப்பிரமணியன் 1944-இல் இத்தாலியில், வெடிக்கவிருந்த கண்ணியின் மீது தம் உடலைக் கிடத்தி உடனிருந்தோரைக் காத்து உயிர் நீத்தார். சார்ச் சிலுவை விருது அவருக்கு இறந்தபின் வழங்கப்பட்டது. போர் முடிந்து பல பத்தாண்டுகள் கழிந்த பின்னும் எகிப்தின் அப்பாலையில் எஞ்சிய கண்ணிகள் ஆடு மேய்ப்போரின் கால்களையும் உயிரையும் கவர்ந்தன. வாகை சூடியவர் நாடு திரும்பியும் பாலை அங்கேயே நின்றது.

ஆதலின், இக்கலையில் ஈடுபட விழையும் மாணவச் செல்வங்களுக்கு நாம் கூறுவது இதுவே. சிறிய பலகையைக் கொள்ளுங்கள். சிறு செயல் ஒன்றைத் தேருங்கள். மண்ணை அறிந்து மண்ணை இடுங்கள். அளவைக் கணக்கிட்ட பின்னரே கத்தியை எடுங்கள். எல்லாம் முடிந்ததும், அக்களத்தில் நின்றவரின் வீட்டாரில் ஒருவர் எங்கேனும் இருப்பாராயின் அவரை அழைத்துக் காட்டுங்கள். அவர் கேட்கும் முதல் வினாவிற்கு உங்கள் காட்சியில் விடை இருத்தல் வேண்டும். நம் ஊர்ப் பெரியோரிடமும் ஒரு வேண்டுகோள்: படைக்கும் கடல் கடந்த ஊர்களுக்கும் சென்று வந்த முன்னோரின் கடிதமோ நிழற்படமோ உங்கள் பெட்டிகளில் இருப்பின், அதனை நம் பிள்ளைகளுக்கு ஒருமுறை எடுத்துக் காட்டுங்கள். பெட்டியில் வாராத முகங்களை அவர்கள் தீட்டிக்கொள்வர்.