சித்தப்பாவின் மஞ்சள் பை!

லப்-டப்... லப்-டப்... லப்... (சின்ன இடைவேளை)... டப்!

போன வருஷம் முழுக்க என் சித்தப்பாவின் இதயம் இந்தத் தாளத்தில்தான் ஓடியது. எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் முப்பது வருஷம் ஷிஃப்ட் பார்த்து ரிடையர் ஆனவர். ‘‘மாடிப்படி இறங்கும்போது இன்னும் ஒரு படி இருக்குன்னு நெனச்சுக் காலை வெச்சா, படி இருக்காதே... அந்த மாதிரி இருக்குடா நெஞ்சுல’’ என்பார்.

இதற்கு எங்கள் காலடிப்பேட்டை வைத்திருக்கும் பெயர் ‘கேஸ்’. 1717 முதல் 1720 வரை சென்னைக்குக் கவர்னராக இருந்த ஜோசப் காலெட், நெசவாளர்களைக் குடிவைத்த ‘காலெட்பேட்டை’யையே காலடிப்பேட்டை ஆக்கியவர்கள் நாங்கள். படபடப்பைக் ‘கேஸ்’ ஆக்குவதா கஷ்டம்? ஆக, தினம் ஒரு கேஸ் மாத்திரை. இரண்டு வருஷமாக. எந்த டாக்டரையும் கேட்காமல்!

‘கேஸ்’ போகவில்லை. அடுத்த வீட்டுக்காரர் வந்தார். அவர் பையன் துபாயில் இருக்கிறான். ‘‘மெக்னீசியம் கொறைஞ்சாதான் சார் இப்படித் துடிக்கும்’’ என்று ஒரு டப்பாவை நீட்டினார். மார்க்கெட்டில் பார்த்த இன்னொரு நண்பர், ‘‘பொட்டாசியத்தை விட்டுட்டீங்களே!’’ என்று பதறினார். சிரப் வந்தது. கூடவே தினம் ரெண்டு இளநீர். பி.பி. இருக்கிறதே என்று சமையலுக்கு ‘சோடியம் குறைந்த’ உப்பு வேறு.

இதிலெல்லாம் பாதி உண்மை இருக்கிறது. அதுதான் வில்லங்கமே!

இதயம் ஓடுவது கரண்ட்டில். சோடியம், பொட்டாசியம், கால்சியம் மூன்றும் செல்லுக்கு உள்ளேயும் வெளியேயும் போய்வருவதில்தான் அந்தக் கரண்ட் பிறக்கிறது. மெக்னீசியம் இந்தப் போக்குவரத்தை ஒழுங்கு செய்யும் கான்ஸ்டபிள். 1880-களில் லண்டன் டாக்டர் சிட்னி ரிங்கர், தவளையின் இதயத்தை உப்புத் தண்ணீரில் துடிக்க வைத்தார். பிறகுதான் தெரிந்தது, கலந்தது சுத்திகரித்த நீர் அல்ல, குழாய்த் தண்ணீர் என்று! அதிலிருந்த கால்சியம்தான் இதயத்தை ஓட்டியிருக்கிறது. ஆஸ்பத்திரியில் ஏற்றுகிறார்களே ‘ஆர்.எல்.’ பாட்டில்... அந்த ‘ஆர்’ இந்த ரிங்கர்தான். (எங்கள் தெரு போர் தண்ணீரில் அந்தத் தவளை என்ன பாடு பட்டிருக்குமோ!)

மெக்னீசியமும் லேசுப்பட்டதல்ல. உயிருக்கே உலை வைக்கும் ஒருவகைத் துடிப்புக் கோளாறை அடக்க, அதை நரம்பில் ஏற்றுகிறார்கள். அப்படியானால் எல்லோருக்கும் ஏற்றிவிடலாமே? ஹார்ட் அட்டாக் சந்தேகத்தோடு வந்த 58,050 பேரை வைத்து நடந்த பெரிய ஆய்வு ஒன்றின் முடிவு 1995-ல் வந்தது. மெக்னீசியம் ஏற்றியதால் சாவு குறையவில்லை.

நான் பி.காம். எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேன். கணக்கில் குறைந்தால் வரவு வைக்கலாம். குறையாத கணக்கில் வரவு வைத்தால்?

ஒரு வெள்ளிக்கிழமை காலை சித்தப்பாவால் கட்டிலை விட்டு எழ முடியவில்லை. கால்கள் துவண்டு போயின. ஆட்டோ பிடித்து ஓடினோம். ஈ.சி.ஜி., ரத்தப் பரிசோதனை. பொட்டாசியம் 3.5-லிருந்து 5-க்குள் இருக்க வேண்டும். இவருக்கு 6.4!

‘‘என்னென்ன மருந்து சாப்பிடறீங்க?’’

‘‘பி.பி. மாத்திரை மட்டும்தாங்க...’’

சித்தி ஒரு வார்த்தை பேசவில்லை. மஞ்சள் பையை மேஜையில் கவிழ்த்தாள். டப்பா, சிரப், அட்டை அட்டையாய் மாத்திரை, உப்புப் பாக்கெட்.

டாக்டர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். ‘‘நீங்க போடற பி.பி. மாத்திரையே பொட்டாசியத்தை உடம்புல நிறுத்தி வைக்கிற ரகம். அதுக்கு மேல சிரப், இளநீர். இந்த உப்புலயும் சோடியத்துக்குப் பதிலா பொட்டாசியம்தான். கிட்னி எத்தனையைத்தான் வெளியே தள்ளும்? ஓபன் ஹார்ட் ஆபரேஷன்ல இதயத்தை நிறுத்தி வைக்க நாங்க என்ன செலுத்தறோம் தெரியுமா? பொட்டாசியம்!’’

எனக்கு ஒரு ‘லப்’ தப்பியது.

கேஸ் மாத்திரைக்கும் ஒரு குட்டு விழுந்தது. ஒமெப்ரசோல், பான்டப்ரசோல் போன்றவற்றை ஒரு வருஷத்துக்கு மேல் விழுங்கினால் சிலருக்கு ரத்தத்தில் மெக்னீசியம் குறையலாம், அதனால் துடிப்பும் தடுமாறலாம் என்று 2011-லேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரித்திருக்கிறது. படபடப்புக்கென்று இவர் போட்ட மாத்திரையே படபடப்பைக் கொண்டுவரக்கூடியது!

இரண்டு நாள் மானிட்டரில் வைத்து இறக்கினார்கள். அப்புறம் எக்கோ, இருபத்துநாலு மணி நேரம் இடுப்பில் ஹோல்டர் மிஷின். முடிவு: நடுநடுவே ஓர் உபரித் துடிப்பு. இதயம் நன்றாக இருப்பவருக்குப் பெரும்பாலும் ஆபத்தில்லாதது. இதுவே மேலறை நடுக்கமாக இருந்தால் கதை வேறு. ரத்தம் கட்டி பக்கவாதம் வரலாம். அதற்கு ரத்தம் உறையாமலிருக்க மருந்து வேண்டும். எந்தத் தாது உப்பு மாத்திரையும் அந்த வேலையைச் செய்யாது. எது எந்த ரகம் என்று மஞ்சள் பைக்குத் தெரியாது, ஈ.சி.ஜி.க்குத்தான் தெரியும். எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு ஸ்டான்லி ஆஸ்பத்திரி ஒன்றும் தூரமில்லை.

படபடப்போடு மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத் திணறல் வந்தால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கக் கூடாது. குடும்பத்தில் யாராவது சின்ன வயதில் திடீரென்று இறந்திருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். சாப்பிடும் எல்லா மருந்தையும் காட்ட வேண்டும். கிட்னி நன்றாக இருப்பவர்களுக்குக் கேழ்வரகும் கீரையும் வேர்க்கடலையும் வாழைப்பழமும் போதும்.

போன வாரம் அடுத்த வீட்டுக்காரர் மறுபடி வந்தார். கையில் புது டப்பா. ‘‘பையன் அனுப்பியிருக்கான் சார், இது துத்தநாகம்...’’

சித்தப்பா கை கூப்பினார். ‘‘சார், அது இருக்கட்டும். நீங்க எப்பவாச்சும் ஈ.சி.ஜி. எடுத்திருக்கீங்களா?’’

‘‘எனக்கெதுக்கு சார்?’’ என்றார் அவர், நெஞ்சைத் தடவிக்கொண்டே. ‘‘லேசா கேஸ்தான்!’’