சிறு முதலுடன் புடவைக்கடை: தொடங்குமுன் சில வார்த்தைகள்

வலிகாமம் வடக்கிலிருந்து 1990 ஆம் ஆண்டு எழும்பிய கமக்காரக் குடும்பங்களுள் பல, நலன்புரி நிலையங்களிலும் உறவினர் வளவுகளிலும் ஒரு தலைமுறைக் காலத்தையே கழித்துவிட்டன. காணிகள் கட்டம் கட்டமாக விடுவிக்கப்பட்டபோதும் எல்லோருக்கும் அவை கிடைக்கவில்லை. கிடைத்தவர்களிலும் பலருக்குப் பற்றை மண்டிய தறையும் தூர்ந்த கிணறுமே மிஞ்சின. 2009 இல் வன்னியில் எல்லாவற்றையும் விட்டு வந்தவர்களின் நிலையும் இதற்கு வேறல்ல. இத்தகைய குடும்பங்களைச் சந்திக்கும் வேளைகளில் நாம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: "ஒரு சின்னப் புடவைக்கடை போட்டால் என்ன?"

கேள்வி நியாயமானதே. தக்காளி போல உடுபுடவை இரண்டு நாளில் அழுகிப் போவதில்லை. வீட்டிலிருந்தபடி பெண்கள் நடத்தலாம். காணியும் தண்ணீரும் தேவையில்லை. ஆனால் புடவையும் அழுகும் என்பதைத் தொடங்கியவர்களே அறிவார்கள். இந்த வருடம் எல்லோரும் கேட்ட கரைச்சேலையை அடுத்த வருடம் ஒருவரும் தொட்டுப் பார்ப்பதில்லை. அது அலுமாரியில் இருந்தபடியே அழுகுகின்றது.

நாம் அறிந்த ஒரு குடும்பம், இருந்த ஒரேயொரு சங்கிலியை விற்றுச் சந்தியில் அறை எடுத்தது. முற்பணம், கண்ணாடி அலுமாரி, பெயர்ப்பலகை, மின்விளக்கு என்று ஒரு சேலை வாங்குமுன்னரே பாதிக் காசு முடிந்துவிட்டது. மீதிக்கு, மொத்த வியாபாரி "இதுதான் இப்ப ஓடுது" என்று எடுத்துப் போட்டவற்றை வாங்கி வந்தார்கள். தீபாவளிக்கு முந்திய பத்து நாளும் கடை நிறைந்திருந்தது. அதன்பின் ஆளில்லை. நல்ல நிறங்களும் நடுத்தர அளவுகளும் விற்றுப்போக, மிகப் பெரிய சேட்டுகளும் மிகச் சிறிய கவுண்களும் தேங்கின. சித்திரைக்கு முன் கடை பூட்டப்பட்டது. "அலுமாரிக்குக் குடுத்த காசுக்கு இருபது சீலை வாங்கியிருக்கலாம் ஐயா" என்று அந்தத் தாய் பின்னர் எம்மிடம் சொன்னார். கடையைப் பூட்டியதைவிட அந்த அலுமாரிதான் அவரை அதிகம் உறுத்தியது.

அதே தாய் இப்பொழுது வீட்டு விறாந்தையில் வியாபாரம் செய்கின்றார். அவர் இரண்டாம் முறை செய்தவற்றை வைத்தே இக்கட்டுரையை எழுதுகின்றோம்.

முதலில் அவர் கடையைப் பற்றி யோசிக்கவில்லை. ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு தமது ஒழுங்கையிலும் பக்கத்து ஒழுங்கைகளிலும் உள்ள வீடுகளை எண்ணினார். எத்தனை பள்ளிப் பிள்ளைகள், எத்தனை கைக்குழந்தைகள், எந்த வீட்டில் சாமத்தியச் சடங்கு வரப்போகின்றது, யாருடைய பிள்ளைக்கு முதல் நன்மை, யார் பட்டணத்தில் வாங்குவார்கள், யார் பஸ்ஸுக்குக் காசில்லாமல் வாங்காமலே விடுவார்கள் என்றெல்லாம் குறித்தார். எந்தத் தறைக்கு எந்தப் பயிர் என்று பார்த்துப் பழகிய கமக்காரனுக்கு இது புதிய வித்தையல்ல. ஆனாலும் கடை போடும் பலர் இந்த வேலையைச் செய்வதேயில்லை.

அந்தக் கணக்கெடுப்பில் தெரிந்தவை சில எமக்கே வியப்பைத் தந்தன. பட்டணத்துக் கடையோடு சேலையில் போட்டியிட முடியாது. கலியாணச் சேலைக்கு மக்கள் நூறு சேலை விரித்துப் பார்க்க விரும்புவார்கள். சிறு கடையில் ஓடுவன வேறு. குழந்தை உடுப்பு, உள்ளாடை, நைற்றி, சாறம், துவாய், சட்டைத்துணி, உட்பாவாடை முதலியன தேய்ந்து கிழிவதால் வருடம் முழுவதும் தேவைப்படுவன. இன்னொன்று வெள்ளை வேட்டி. மரணவீடு நேரம் பார்த்து வருவதில்லை. இரவு ஒன்பது மணிக்கு வேட்டி தேவைப்படும் வீட்டார் பட்டணத்துக்கு ஓட மாட்டார்கள். கதவைத் தட்டினால் திறக்கும் வீட்டுக்கே வருவார்கள். நான்கு வேட்டியை எப்பொழுதும் இருப்பில் வைத்திருப்பது நல்லது. அந்த நேரத்தில் விலையைக் கூட்டாமலிருப்பது அதனிலும் நல்லது.

பாடசாலைச் சீருடையை நம்பிப் பலர் வெள்ளைத்துணி வாங்கிக் குவிக்கின்றார்கள். அரசாங்கம் 1993 முதல் மாணவருக்குச் சீருடைத்துணியை இலவசமாக வழங்கி வந்துள்ளது. இடையில் சில ஆண்டுகள் துணிக்குப் பதிலாக வவுச்சர் கொடுத்தது. ஆகவே துணியில் எதிர்பார்க்கும் வியாபாரம் இல்லை. ஆனால் அந்தத் துணியைத் தைக்க வேண்டுமே! தையலுக்கு முதல் வேண்டாம். நூலும் மெசினும் கையும் போதும். வீட்டில் ஒருவருக்குத் தையல் தெரிந்திருந்தால் கடையின் பாதிப் பாரம் குறையும். நீளத்தைக் குறைத்துத் தருவது, இடுப்பைப் பிடித்துத் தருவது, சேலைக்கு ஓரம் அடித்துத் தருவது ஆகிய உதவிகளுக்காகவே ஆட்கள் திரும்பி வருவார்கள்.

இனிக் கொள்முதல். புறக்கோட்டையில் மெயின் வீதியும் கெய்சர் வீதியும் மொத்தப் புடவை வியாபாரத்துக்குப் பெயர் பெற்றவை. அங்கு விலை குறைவு என்பது உண்மையே. ஆனால் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு ஏறக்குறைய 400 கிலோமீற்றர். போக்குவரத்து, சாப்பாடு, பார்சல் கூலி எல்லாமாக 8,000 ரூபா செலவாகி, 80,000 ரூபாவுக்குச் சாமான் வாங்கினால், ஒவ்வொரு 800 ரூபா உடுப்பும் உங்களுக்கு 880 ரூபாவாகவே வந்து சேர்கின்றது. வெறும் 20,000 ரூபாவுடன் போனால் அதே உடுப்பு 1,120 ரூபா. அந்தளவு சிறு முதலுக்கு யாழ்ப்பாணத்திலோ வவுனியாவிலோ உள்ள மொத்தக் கடையே இலாபம். அல்லது மூன்று குடும்பங்கள் சேர்ந்து, ஒருவரை அனுப்பலாம். ஒரு டசின் சட்டையை மூவர் பிரித்தெடுத்தால் எவரிடமும் ஓடாத அளவு தேங்காது என்பது இதிலுள்ள மற்ற நன்மை.

வாங்குமிடத்தில் வெட்கப்படாமல் சோதியுங்கள். வெள்ளைக் கைலேஞ்சியை நனைத்துத் துணியில் அழுத்தித் தேய்த்தால் சாயம் போகுமா என்று தெரியும். புதுவகைப் பருத்தித்துணியாயின் முதலில் ஒரு மீற்றர் மட்டும் வாங்கி, அளந்து, தோய்த்துக் காயவைத்து மீண்டும் அளந்து பாருங்கள். யார்க் கணக்கா மீற்றர்க் கணக்கா என்று கேளுங்கள். ஒரு யார் 36 அங்குலம். ஒரு மீற்றர் 39 அங்குலத்துக்குச் சற்றுக் கூட. யாரில் வாங்கி, அதே விலைக்கணக்கில் மீற்றராக விற்றவர்கள் நட்டப்பட்டுப் பின்னர் விழித்ததை நாம் கண்டிருக்கின்றோம். ஓடாவிட்டால் மாற்றித் தருவீர்களா என்று கேட்டு, இணங்கினால் பற்றுச்சீட்டில் எழுதுவித்துக் கொள்ளுங்கள். வாய்ச்சொல் பஸ் ஏறுமுன் மறந்துபோகும்.

கணக்கைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியுள்ளது. 800 ரூபாவுக்கு அடங்கிய உடுப்பை 1,000 ரூபாவுக்கு விற்றால் இலாபம் 200. வருகிறவர், "அக்கா, நூறு குறையுங்கோ" என்று கேட்பார். நூறு ரூபா சிறிய தொகையாகத் தெரியும். ஆனால் விலையில் பத்திலொன்றைக் குறைத்தால் இலாபத்தில் பாதி போய்விடுகின்றது. அதே வருமானத்துக்கு இரண்டு மடங்கு விற்க வேண்டும்.

அறை வாடகை 6,000, மின்சாரமும் மற்றவையும் 3,000 என்று வைத்துக்கொண்டால், மாதம் 45 உடுப்பு விற்ற பின்னரே வீட்டு அடுப்புக்கு முதல் ரூபா வரும். மாதத்தில் 26 நாள் திறந்தால் நாளொன்றுக்கு ஏறக்குறைய இரண்டு உடுப்பு வாடகைக்கே விற்க வேண்டும். மழை நாளிலும் விற்க வேண்டும். விறாந்தையில் தொடங்கச் சொல்வது இதனாலேயே. பாதையால் போகிறவருக்குக் கடை தெரியாதே என்று கவலைப்பட்டால், கிழமையில் ஒருநாள் சந்தைக்குக் கொண்டுபோகலாம். சைக்கிளில் ஒரு பையுடன் வீடுவீடாகவும் போகலாம்.

வேறொரு கணக்கும் உண்டு. ஒரு இலட்சம் ரூபாச் சாமான் வருடத்தில் நான்கு முறை விற்றுத் திரும்பினால், மேற்சொன்ன வீதத்தில் மொத்த இலாபம் ஒரு இலட்சம். அதே சாமான் வருடத்துக்கு ஒருமுறைதான் திரும்பினால் 25,000. ஆகையால் கையிலுள்ள காசு முழுவதற்கும் முதல்நாளே சாமான் எடுக்காதீர்கள். பாதிக்கு எடுத்து, எது ஓடுகின்றது என்று பார்த்து, மிகுதிக்கு அதையே எடுங்கள். மூன்று மாதமாக அசையாத உடுப்பை வாங்கிய விலைக்காவது தள்ளிவிடுங்கள். மனம் கேளாது. ஆனால் அந்தக் காசு விதைநெல். அது கட்டிக் கிடந்தால் அடுத்த போகம் இல்லை. அந்தத் தாய் ஒவ்வொரு உடுப்பின் துண்டிலும் வாங்கிய மாதத்தைத் தமக்குரிய ஒரு குறியால் எழுதி வைக்கின்றார்.

விதைநெல் என்றதும் கடன் நினைவுக்கு வருகின்றது. கிழமைக்குக் கிழமை கட்டும் கடன்கள் வடக்கிலும் கிழக்கிலும் எத்தனை பெண்களை வீட்டுக்குள் ஒளிய வைத்தன என்பதை வாசகர்கள் அறிவீர்கள். 2018 இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் நுண்கடன்களை ஒரு இலட்சம் ரூபா வரை தள்ளுபடி செய்ய அரசாங்கமே முன்வர வேண்டியிருந்தது. 60,000 ரூபா எடுத்துக் கிழமைக்கு 1,500 ரூபாப்படி 52 கிழமை கட்டினால், கட்டியது 78,000. நூற்றுக்கு முப்பது வட்டி என்பார்கள். ஆனால் முதற் கிழமையிலிருந்தே முதல் குறைந்துகொண்டு வருவதால், வருடம் முழுவதும் 60,000 ரூபா உங்கள் கையில் இருக்கவில்லை. சராசரியாக அதில் பாதியளவே இருந்தது. உண்மை வட்டி ஏறக்குறைய இரட்டிப்பு. மேலும் 1,500 ரூபா இலாபத்துக்குக் கிழமையில் எட்டு உடுப்பு விற்க வேண்டும். மூன்று விற்ற கிழமையில் தவணையை எதிலிருந்து கட்டுவது? விற்ற உடுப்பின் முதலிலிருந்து. அப்படியே கடை கரைந்துபோகும்.

கடன் எடுக்கத்தான் வேண்டுமானால், அங்கத்தவராக உள்ள சிக்கனக் கடனுதவிக் கூட்டுறவுச் சங்கத்திலோ மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்திலோ முதலில் கேளுங்கள். மாதத் தவணையா, முதல் தவணைக்கு முன் சில மாதம் விடுவார்களா, வட்டி குறைந்துவரும் மீதிக்கா முழுத் தொகைக்கா என்ற மூன்றையும் கேளாமல் கையெழுத்திட வேண்டாம்.

நீங்கள் கொடுக்கும் கடனோ இதனிலும் சங்கடமானது. ஒரே முகாமில் ஒரே கிணற்றில் தண்ணீர் அள்ளியவர்களுக்கு இல்லையென்று எப்படிச் சொல்வது? நாமும் சொல்லச் சொல்லவில்லை. ஊரில் காசு நெல்லோடும் வெங்காயத்தோடும் வந்துபோவது. காலபோக அறுவடைக்குப் பின் கட்டுகிறேன் என்பவர் பொய் சொல்வதில்லை. ஆனால் அந்தத் தாய் ஓர் எல்லை வைத்திருக்கின்றார்: கொப்பியில் வெளியே நிற்கும் கடன், கடையிலுள்ள சாமானின் ஐந்தில் ஒன்றைத் தாண்டக்கூடாது. தாண்டினால், "பழையதைத் தாங்கோ தங்கச்சி, புதுசு தாறன்" என்கின்றார். முழுவதும் முடியாதவரிடம் நூறு ரூபாவும் வாங்குகின்றார். அவரவர் பக்கத்தில் அவரவரே கையொப்பமிடுகின்றனர். கைச்சண்டை வரைக்கும் போன ஒரு பழைய அனுபவத்தின் பின் வந்த வழக்கமாம். அதை அவர் விரித்துச் சொல்லவில்லை.

சட்ட விடயங்கள் அதிகமில்லை. உங்கள் சொந்தப் பெயரை விட்டு வேறு பெயரில் கடை நடத்துவதாயின், கிராம அலுவலரின் உறுதிப்படுத்தலுடன் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிய வேண்டும். வங்கியில் பின்னர் கடன் கேட்கவும் அப்பத்திரம் உதவும். அனுமதியும் வரியும் பற்றிப் பிரதேச சபையில் விசாரியுங்கள். 2003 ஆம் ஆண்டின் பாவனையாளர் அலுவல்கள் சட்டப்படி விலையைக் காட்சிப்படுத்த வேண்டும். கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டும். துணி அளக்கும் கோலும் முத்திரை பெற்றதாக இருக்கட்டும்.

கொட்டிலிலோ தகரக் கூரையின் கீழோ இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஐப்பசி, கார்த்திகை மழையில் நிலத்து ஈரம் துணிக்கு ஏறும். கறையானும் பின்னால் வரும். நாலு கல்லின் மேல் பலகை போட்டு, சுவரில் முட்டாமல் அடுக்கி, மேலே படங்கால் மூடுங்கள். தீபாவளிச் சாமான் வந்திறங்கும் மாதமும் அதுவே. வெயில் படும்படி தொங்கவிடும் உடுப்பைக் கிழமைக்கொருமுறை மாற்றுங்கள். நிறம் வெளிறிய பின் அதைப் பாதிவிலைக்கும் கேளார்கள். ஒரு மூலையில் பழைய சேலையால் மறைப்புக் கட்டி ஒரு கண்ணாடி வையுங்கள். போட்டுப் பார்க்க இடமிருந்தால் பெண்கள் வருவார்கள்.

2022 இல் டொலர் விலை சில வாரங்களுக்குள் ஏறக்குறைய 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியபோது, பழைய விலைக்கே விற்று முடித்த சிறுகடைக்காரர்கள் அதே காசுக்குப் பாதிச் சாமானே எடுக்க முடிந்தது. அந்தத் தாயும் அதில் அடிபட்டார். அன்று தொடக்கம் மாதம் ஒருமுறை மொத்தக் கடைக்குத் தொலைபேசியில் விலை கேட்டு, வாங்கிய விலைக்குப் பக்கத்தில் இன்றைய விலையையும் எழுதுகின்றார். கடந்த முறை நாம் போனபோது நைற்றிகளை எண்ணிக்கொண்டிருந்தார். பழைய கண்ணாடி அலுமாரி இன்னும் விற்கவில்லை; அதற்குள் பிள்ளைகளின் பாடப்புத்தகங்கள் இருந்தன.