கெப் வண்டியின் முன்பக்கம் தாழ்ந்தால்…

மண்சரிவினால் வீட்டையும் காணியையும் இழந்து இடம்பெயர்ந்த குடும்பங்கள் பல, வேறிடத்தில் மீண்டும் லீக்ஸும் கரட்டும் பயிரிட்டு வருகின்றன. விளைந்ததைச் சந்தைக்குக் கொண்டுசெல்ல வண்டி வேண்டும். எனவே மூன்று நான்கு குடும்பங்கள் சேர்ந்து பழைய ஃபோர் வீல் டபுள் கெப் ஒன்றை வாங்குகின்றன. 2020 இல் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 இலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அதனால் பழைய வண்டிக்கும் பெரும் பணம் கொடுக்க வேண்டியதாயிற்று. அதைக் கெடுத்துக்கொள்ளாமல் காப்பது முக்கியம்.

இவ்வண்டிகளில் நாம் அடிக்கடி காணும் குறை, முன்பக்கம் தாழ்ந்திருப்பதாகும். “போல்ட்டை இறுக்கினால் சரி” என்பார்கள். அது பாதி உண்மையே.

2005 க்கு முந்திய மிட்சுபிஷி எல்-200, டொயோட்டா ஹைலக்ஸ் ஃபோர் வீல் வண்டிகள் பலவற்றின் முன்பக்கத்தில் சுருள் ஸ்பிரிங் இல்லை. அதற்குப் பதிலாக, டோர்ஷன் பார் எனப்படும் நீண்ட உருக்குக் கம்பி பக்கத்துக்கு ஒன்றாக உண்டு. அதன் ஒரு முனை சக்கரத்தைத் தாங்கும் கையோடும், மறுமுனை சேஸியோடும் இணைந்திருக்கும். சக்கரம் மேலெழும்போது கம்பி முறுகும். பின் தன் நிலைக்குத் திரும்பும். சேஸிப் பக்க முனையிலுள்ள போல்ட்டை இறுக்கினால் வண்டி உயரும், தளர்த்தினால் தாழும்.

ஆனால் கம்பியின் பலம் கூடுவதில்லை. கொழுந்துக் கூடையின் கயிற்றைச் சுருக்கினால் கூடை மேலேறும், பாரம் குறையாது. அதுபோலத்தான் இதுவும். ஆகவே அதிக மூடைகள் ஏற்றுவதற்காகப் போல்ட்டை இறுக்குவது வீண்.

எமக்குத் தெரிந்த சில குடும்பங்களின் வண்டியை ஒருவர் இயன்றமட்டும் உயர்த்திக் கொடுத்தார். பார்ப்பதற்குக் கம்பீரமாக இருந்தது. சில மாதங்களில் முன் டயர்கள் ஒருபக்கமாகத் தேய்ந்தன. அச்சு மூட்டின் றப்பர் உறை கிழிந்து, கிறீஸ் வெளியேறி, சேறு புகுந்தது. காரணம் எளிது. மிகையாக உயர்த்தினால் சக்கரம் கீழிறங்க இடமில்லாது போகும். குழியில் வண்டி அடிபடும். அச்சு மூட்டு அளவுக்கு மீறி மடியும். சக்கரத்தின் கோணமும் மாறி ஸ்டியரிங் நேராக நில்லாது. றம்பொடை இறக்கத்து வளைவுகளில் இது உயிருக்கே ஆபத்து.

செய்யும் முறை இது. முதலில் வண்டியைப் பாரமின்றிச் சமதரையில் நிறுத்துங்கள். நான்கு டயர்களும் ஒரே அளவா, காற்றுச் சரியா எனப் பாருங்கள். தேய்ந்த புஷ், பந்து மூட்டு, ஒடிந்த பின் ஸ்பிரிங் தகடு ஆகியவற்றாலும் வண்டி சாயலாம். அவற்றை முதலில் திருத்துங்கள். பின் சக்கர நடுவிலிருந்து மட்கார்ட் விளிம்பு வரை இருபுறமும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். போல்ட்டின் வெளித்தெரியும் மரையையும் அளந்து வையுங்கள். பிழைத்தால் பழைய நிலைக்குத் திரும்ப அது உதவும்.

பின் சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். முன்பக்கத்தை ஜக்கினால் உயர்த்திச் சேஸியின் கீழ் உறுதியான ஸ்டாண்ட் வையுங்கள், கல்லை நம்பவேண்டாம். சக்கரங்கள் தொங்கும்போது போல்ட்டின் மீதான அழுத்தம் குறையும். பூட்டு நட்டைத் தளர்த்தி, ஒரு தடவைக்கு ஒன்றிரண்டு சுற்று மட்டும் திருப்புங்கள். போல்ட்டை முற்றாகக் கழற்றவே கூடாது. முறுகிய கம்பி விடுபட்டால் கையை முறித்துவிடும். வண்டியை இறக்கி, முன்னும் பின்னும் சற்று உருட்டியபின் மீண்டும் அளவுங்கள். இருபுற வித்தியாசம் ஒரு சென்ரிமீற்றருக்குள் இருப்பது நல்லது. கம்பனி குறித்த உயரத்துக்கு மேல் போகவேண்டாம்.

இறுதியாகப் பூட்டு நட்டை இறுக்கி, ஸ்டியரிங்கை இருபுறமும் முழுதாகத் திருப்பி, பிரேக் குழாய் இழுபடுகிறதா என்று பாருங்கள். சக்கர எலைன்மெண்ட் கட்டாயம் செய்யுங்கள், முன்விளக்குகளையும் சரிபாருங்கள்.

முன்பக்கத்தில் தகட்டு ஸ்பிரிங் உள்ள பழைய வண்டிகளில் இந்தப் போல்ட் கிடையாது. சோர்ந்த தகட்டை மாற்றுவதே அங்கு வழி.

வண்டி எவ்வளவு உயர்ந்து நிற்கிறது என்பதல்ல, பல குடும்பங்களின் உழைப்பைப் பத்திரமாகச் சந்தைக்கும், ஓட்டுபவரைப் பத்திரமாக வீட்டுக்கும் கொண்டு சேர்க்கிறதா என்பதே கேள்வி.