எழுத்தெண்ணிச் சொற்காணல்

ஐந்தெழுத்தாலாய ஆங்கிலச் சொல் ஒன்று, முதலெழுத்து 'கியூ', எஞ்சிய நான்கும் யாவை? சென்ற தவணையில் மாணவன் ஒருவன் இவ்வினாவை நம்மிடம் கொண்டுவந்தான். தமிழாசிரியரிடம் ஆங்கிலப் புதிரைக் காட்டுதல் முறையோ எனத் தயங்கி வாயிற்படியிலேயே நின்றான். ஆங்கிலச் சொற்கள் பல அவனுக்குத் தெரியா. ஆதலின் இவ்விளையாட்டுத் தனக்கு உரியதன்று எனவும் எண்ணியிருந்தான்.

நாமும் ஒருகாலத்தில் அவ்வாறே எண்ணியிருந்தோம். 1990 ஆம் ஆண்டிலே மயிலிட்டி மக்கள் ஊரைவிட்டு நீங்கியபொழுது நாம் சிறுவர். புகலடைந்த இடத்துப் பாடசாலையில் ஆங்கில அகராதி நம் கைக்கு எட்டியதில்லை. இன்ன எழுத்து வர இத்தனையெழுத்துச் சொற் கூறுக என்றால் வாளா இருந்து, மந்தமானவர் எனப் பெயரெடுத்தோம். எழுத்து நிற்கும் இடம் அறிந்தவனுக்குத் தேடல் பாதியாய்க் குறையும் என்பதை அந்நாளில் எவரும் நமக்கு எடுத்துரைத்திலர்.

ஆங்கிலத்திலே 'கியூ'வை அடுத்து 'யூ' வரும். அதனையடுத்துப் பெரும்பாலும் ஓர் உயிரெழுத்து வரும். இவ்வளவு தெரிந்தால் ஐயத்துக்கு இடமானவை ஈற்றெழுத்து இரண்டுமே. அரசியைக் குறிக்கும் குயீன், விரைவைக் குறிக்கும் குயிக் என்பன தாமே முன்வந்து நிற்கும். 1913 ஆம் ஆண்டு டிசம்பர் 21 ஆம் நாள் நியூயோர்க்குப் பத்திரிகை ஒன்றில் ஆர்தர் வின் என்பார் வெளியிட்ட குறுக்கெழுத்துப் புதிர் முதலாக, 2021 இல் உலகெங்கும் பரவிய வேர்டில் ஈறாக, இவ்விளையாட்டுக்களில் வல்லவர் கையாளும் உபாயம் இதுவே. ஆயினும் ஆங்கிலத்தில் இவை பெரும்பான்மை பற்றிய வழக்குக்கள். ஈராக்கு நாட்டின் பெயரை அம்மொழியில் எழுதும்போது ஈற்றில் 'கியூ' தனித்தே நிற்கின்றது.

தமிழிலோ இவற்றை இலக்கணமாகவே வகுத்து வைத்தனர். தொல்காப்பியர் சொற்களை ஓரெழுத்து, ஈரெழுத்து, அவற்றின் மிக்க எழுத்து என அளவு பற்றிப் பிரித்தார். நன்னூலார் ஓரெழுத்தொருமொழிகள் 42 எனத் தொகையும் கூறினார்; மொழிக்கு ஈறாக வரும் எழுத்துக்கள் 24 என்றார். எந்த மெய்யை அடுத்து எந்த மெய் வரும் என்பதையும் விதித்தார். க், ச், த், ப் என்பவற்றின்பின் அவ்வவ்வெழுத்தே வரும். ட், ற் என்பவற்றின்பின் அவ்வவ்வெழுத்தும், க, ச, ப என்பனவும் வரும்.

நம் ஊர்ப்பெயரையே எடுத்துக்கொள்க. மயிலிட்டி ஐந்தெழுத்துச் சொல். நான்காமெழுத்து 'ட்' என ஒருவன் அறிவானாயின், ஐந்தாமெழுத்துக்காகப் பதினெட்டு வருக்கங்களையும் துழாவவேண்டுவதில்லை. ட, க, ச, ப என்னும் நான்கு வருக்கங்களைப் பார்த்தாற் போதும். காட்சி, நட்பு, வெட்கம் என்பவற்றிலும் இதனைக் காண்க. 'டொக்டர்' வந்தவிடத்து மட்டும் நன்னூலார் சற்றே விலகி நிற்பர். அச்சொல்லின் முதலெழுத்தும் விதிக்கு அடங்காது, இடையில் வரும் மயக்கமும் அடங்காது.

எழுத்தைக்கொண்டு சொற்றேடும் நூல்களும் நம்மிடையே பழையனவே. செய்யுள் செய்வோனுக்கு எதுகை வேண்டும். எதுகைக்கு இரண்டாமெழுத்து ஒத்தல் வேண்டும். அதனாலேயே மண்டலபுருடர் சூடாமணி நிகண்டின் பதினோராந் தொகுதியில் சொற்களை இரண்டாமெழுத்து முறையாக நிறுத்தினார். அந்நிகண்டை நாவலர் பெருமான் உரையோடு அச்சிட்டார். வீரமாமுனிவர் 1732 இல் இயற்றிய சதுரகராதியின் நான்காம் பகுதி தொடையகராதி. அதுவும் இத்தேவை பற்றியே எழுந்தது. ஆங்கிலச் சொற்களை ஈற்றெழுத்து முறையால் அடுக்கி யோன் வாக்கர் வெளியிட்ட அகராதி 1775 ஆம் ஆண்டினது. தொடையகராதி அதற்கு நாற்பத்துமூன்றாண்டு மூத்தது.

இக்காலத்தில் கைத்தொலைபேசியில் எழுத்துக்களை இட்டால் ஆங்கிலச் சொற்கள் நிரல்நிரலாக வந்துவிடும். தமிழுக்கு அவ்வாறு செய்யப் புகுவோர் முதலில் எண்ணலில் விழிப்பாயிருத்தல் வேண்டும். கணினி உயிர்மெய்யின் குறியையும் புள்ளியையும் தனித்தனியே எண்ணுமாதலின், அதன் கணக்கில் மயிலிட்டி ஒன்பதாகும்! ஆங்கிலத்தில் எழுதுவோரும் ஒரு நெறிப்பட்டாரல்லர். சிலர் ஒன்பதெழுத்தாலும் சிலர் ஏழெழுத்தாலும் நம் ஊரை எழுதுகின்றனர். ஐந்து என்று எண்ணுபவன் தமிழ் எழுத்தறிந்தவன் ஒருவனே.

வாயிற்படியில் நின்ற மாணவனுக்கு இவற்றுட் சிலவற்றைக் கூறி, ஒரு தமிழ்ப் புதிரும் கொடுத்தோம். ஆறெழுத்து, இரண்டாமெழுத்து 'ழ்', மூன்றாமெழுத்து 'ப்', ஈறு 'ம்'. நான்காமெழுத்துப் பகர வருக்கமாகவே இருத்தல் வேண்டும் என்பதை அவன் விரைவிற் கண்டுகொண்டான். 'தாழ்ப்பாள்' என எழுதினான், எண்ணினான், ஐந்தே என்று கண்டு அழித்தான். நெடுநேரம் கொப்பியைப் பார்த்திருந்தவன் திடீரெனச் சிரித்து, "சேர், நாங்கள் இருக்கிற இடந்தானே!" என்றான்.