முதன்முறையாகப் பனிமலைக்குச் செல்வோருக்கான ஆடைகள்: நோயாளிகளும் உடன் செல்வோரும் அறிய வேண்டியவை

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டங்களில் மார்கழி இரவுகளிலும் வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்கும். இக்கரிசல் மண்ணில் வாழ்வோருக்கு வெயிலைத் தாங்கத் தெரியும். உறைபனியைத் தாங்கிய பழக்கம் இல்லை. இங்கிருந்து பத்ரிநாத், கேதார்நாத், அமர்நாத், முக்திநாத் போன்ற தலங்களுக்குப் புறப்படுவோரில் முதியோரும், நீரிழிவு, இரத்த அழுத்தம் உள்ளோரும் உண்டு. அவர்களுக்கு ஏற்ற ஆடை என்பது வசதிக்கான பொருள் அன்று. மருந்தைப் போலவே இன்றியமையாதது.

குளிர் எவ்வளவு இருக்கும்?

கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டர் ஏறும்போது வெப்பநிலை ஏறத்தாழ 6 டிகிரி குறைகிறது. பத்ரிநாத் ஏறத்தாழ 3,100 மீட்டர், கேதார்நாத் ஏறத்தாழ 3,580 மீட்டர், முக்திநாத் 3,700 மீட்டருக்கு மேல் உயரத்தில் உள்ளன. நம் ஊரில் அக்கினி நட்சத்திரம் நடக்கும் மே மாதத்திலும் அங்கே இரவில் வெப்பநிலை உறைநிலையை நெருங்கக்கூடும். காற்று வீசினாலோ ஆடை நனைந்தாலோ உடல் மேலும் விரைவாக வெப்பத்தை இழக்கும்.

பருத்தி ஆடை ஏன் போதாது?

பருத்தி வியர்வையை உறிஞ்சித் தன்னுள் வைத்துக்கொள்ளும். வெயில் காலத்தில் இதுவே நமக்கு நன்மை. குளிரில் இதுவே தீங்கு. நீர், காற்றைக் காட்டிலும் 20 மடங்குக்கும் மேலான வேகத்தில் வெப்பத்தைக் கடத்துவதால், ஈரமான பருத்தி உடலின் சூட்டை இழுத்துவிடும். கம்பளி ஓரளவு நனைந்தாலும் வெதுவெதுப்பைக் காக்கும். ஆகவே பருத்திப் பனியனையும் பருத்திக் காலுறையையும் பனிப்பகுதியில் தவிர்க்கவும்.

மூன்று அடுக்கு முறை

ஒரே தடித்த கோட்டை விட மூன்று மெல்லிய அடுக்குகள் சிறந்தவை. அடுக்குகளுக்கு இடையே தங்கும் காற்றே குளிரைத் தடுக்கிறது.

- உள் அடுக்கு: கடைகளில் "தெர்மல்" எனக் கிடைக்கும், உடலை ஒட்டிய மேல், கீழ் உள்ளாடைகள். மாற்றிக்கொள்ள இரண்டு இணைகள் வேண்டும்.
- நடு அடுக்கு: கம்பளி ஸ்வெட்டர் அல்லது தடித்த ஃபிளீஸ் சட்டை.
- வெளி அடுக்கு: காற்றும் நீரும் புகாத, தலைமூடியுடன் கூடிய ஜாக்கெட்.

ஏறும்போது உடல் சூடாகும். வியர்ப்பதற்கு முன்பே ஓர் அடுக்கைக் கழற்றவும். ஓய்வெடுக்க அமர்ந்தவுடன் மீண்டும் அணியவும்.

வேட்டி, சேலையின் ஓரம் பனியில் நனைந்து ஈரத்தை மேலே இழுக்கும்; நடக்கும்போது இடறவும் செய்யும். பயண வழியில் கால்சட்டையோ சுடிதாரோ அணிவது பாதுகாப்பானது. சேலையைத் தவிர்க்க இயலாத மூத்த பெண்கள் உள்ளே தெர்மல் கால்சட்டையும், முழங்கால் வரை கம்பளிக் காலுறையும் அணிய வேண்டும். காதுகளை மூடும் கம்பளிக் குல்லாவும் கையுறையும் அனைவருக்கும் தேவை.

பாதங்களுக்குத் தனிக் கவனம்

ஆண்டு முழுவதும் செருப்பு அணிந்து பழகிய பாதங்களுக்குப் புதிய காலணி எளிதில் கொப்புளம் உண்டாக்கும். தடித்த காலுறையை அணிந்துகொண்டே, மாலை நேரத்தில் அளவு பார்த்து வாங்கவும். விரல்கள் தாராளமாக அசைய வேண்டும். இறுக்கமான காலணியும், இரண்டு மூன்று காலுறைகளைத் திணிப்பதும் இரத்த ஓட்டத்தைக் குறைத்துக் குளிரை அதிகமாக்கும். பயணத்திற்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்பே வீட்டில் அணிந்து நடந்து பழகவும். மலையடிவாரத்தில் வாடகைக் காலணி எடுத்தால், உள்ளே ஈரம் இல்லை எனக் கைவிட்டுப் பார்த்து, உங்கள் சொந்தக் காலுறையுடன் அணியவும்.

நீண்டகால நீரிழிவால் பாதத்தின் உணர்ச்சி குறைந்தோருக்கு, கொப்புளமோ பனிக்கடியோ ஏற்படுவது வலியால் தெரியாது. அத்தகையோர்:

- தினமும் இரவில் விரலிடுக்கு உட்படப் பாதத்தைப் பார்க்க வேண்டும். பார்வை குறைந்தோருக்கு உடன் செல்வோர் பார்க்க வேண்டும்.
- கோயிலுள் வெறுங்காலுடன் செல்லாமல் உலர்ந்த கம்பளிக் காலுறை அணிந்து, வெளியே வந்ததும் அதை மாற்ற வேண்டும்.
- காலை நெருப்பிலோ வெந்நீர்ப் பையிலோ காய்ச்சக் கூடாது. பத்ரிநாத்தின் வெந்நீர் ஊற்றில் இறங்குமுன் சூட்டைக் காலால் அன்றி, முழங்கையால் சோதிக்க வேண்டும்.

முக்திநாத்தின் 108 நீர்த்தாரைகளில் வருவது பனி உருகிய நீர். இதய நோயாளிகளும் முதியோரும் தலையில் தெளித்துக்கொள்வதுடன் நிறுத்துவது நல்லது. நீராடியோர் ஈர உடையுடன் சுற்றிவராமல் உடனே துவட்டி, உடை மாற்ற வேண்டும்.

உள்சட்டைப் பையில் இருக்க வேண்டியவை

இன்சுலினை ஜாக்கெட்டின் உட்பையில், தோலை நேரடியாகத் தொடாதவாறு வைக்கவும். ஒருமுறை உறைந்த இன்சுலின், உருகிய பின்னும் பயன்படாது. குளுக்கோமீட்டரும் ஆஸ்துமா இன்ஹேலரும் கடுங்குளிரில் சரியாக இயங்காமல் போகலாம். அவற்றையும் உட்பையிலேயே வைக்கவும். சில இரத்த அழுத்த மாத்திரைகள் கை, கால்களைச் சில்லிடச் செய்யும். அதற்காகத் தாமாக நிறுத்த வேண்டா; மருத்துவரைக் கேட்கவும்.

கண்ணுக்கும் காப்பு

புதிய பனி, புற ஊதாக் கதிர்களில் 80 விழுக்காடு வரை திருப்பி அனுப்பும். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கறுப்புக் கண்ணாடி அணியாவிடில் கண் எரிந்து, நீர் வடிந்து, தற்காலிகமாகப் பார்வை மங்கலாம்.

அபாய அறிகுறிகள்

உடல் வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்குவது தாழ்வெப்பநிலை. நடுக்கம், தள்ளாட்டம், குழறிய பேச்சு, குழப்பம் ஆகியவை அதன் அடையாளங்கள். நடுங்கியவர் சோர்ந்து நடுக்கம் நின்றால் தேறிவிட்டார் எனக் கருதாதீர், நிலை மோசமாகிறது. காற்றுப்படாத இடத்தில் சேர்த்து, ஈர உடையைக் களைந்து, உலர்ந்த போர்வையால் தலை உட்பட மூடி, நினைவு தெளிவாக இருந்தால் மட்டும் இனிப்பான சூடான பானம் கொடுத்து, மருத்துவ முகாமுக்குக் கொண்டு செல்லவும். மது கொடுக்கக் கூடாது. அது உடல் வெப்பத்தை மேலும் இழக்கச் செய்யும்.

விரல், மூக்கு, காது ஆகியவை வெளிறி, மரத்து, கெட்டியானால் அது பனிக்கடி. அவ்விடத்தைத் தேய்க்கவோ பனிக்கட்டியால் உரசவோ கூடாது. உலர்ந்த துணியால் தளர்வாக மூடி, உடனே மருத்துவ உதவி பெறவும்.

மூடிய அறையில் கரியடுப்பு மூட்டி உறங்குவது உயிரைப் பறிக்கும். அதன் நச்சு வாயுவுக்கு மணமில்லை.

புறப்படுமுன்

எவ்வளவு நல்ல ஆடையும் உயரத்தால் வரும் மூச்சுத்திணறலைத் தடுக்காது. ஆகவே பயணத்திற்கு ஒரு மாதம் முன்பே அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் இரத்த அழுத்தம், சர்க்கரை, இதயம், பாதம் ஆகியவற்றைச் சோதித்துக்கொள்ளவும். அமர்நாத் பயணத்திற்கு மருத்துவச் சான்று கட்டாயம். பிற தலங்களுக்குக் கேட்காவிடினும் பரிசோதனை தேவையே. ஐயங்களுக்கு 104 என்ற எண்ணை அழைக்கலாம். மருத்துவர் இம்முறை வேண்டா என்றால், அதை ஏற்றுப் பயணத்தைத் தள்ளிவைக்கவும்.