ஜிப்சி மோத்

ஜிப்சி மோத் என்பது இங்கிலாந்தின் டி ஹாவிலாந்து நிறுவனம் 1928 முதல் தயாரித்த, இருவர் அமரும் இலகுரக விமானம் ஆகும். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு அடுக்கு இறக்கைகள் கொண்டது. 1925-இல் முதலில் பறந்த டி.எச்.60 மோத் விமானத்தின் மேம்பட்ட வடிவம் இது. இதன் உடற்பகுதி ஒட்டுப்பலகை வேய்ந்த மரச்சட்டத்தாலும், இறக்கைகள் துணி போர்த்திய மரச்சட்டத்தாலும் ஆனவை. இறக்கைகளைப் பின்புறமாக மடிக்க முடிந்ததால் சிறிய கொட்டகையே இதை நிறுத்தப் போதுமானதாக இருந்தது. 100 குதிரைத்திறன் கொண்ட நான்கு சிலிண்டர் எஞ்சின் இதை இயக்கியது. ஒருமுறை எரிபொருள் நிரப்பினால் சுமார் 500 கி.மீ. பறக்கும். ஆகவே நெடும்பயணத்தில் பலமுறை தரையிறங்க வேண்டும்.

இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே குறிப்பிட்ட காலத்துக்குள் தனியாகப் பறந்து முடிக்கும் முதல் இந்தியருக்கு ஆகா கான் 500 பவுண்டு பரிசு அறிவித்தார். 1930-இல் ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்தும், 17 வயதான ஆஸ்பி இன்ஜினியர் இங்கிலாந்திலிருந்தும் ஜிப்சி மோத்களில் புறப்பட்டனர். வழியில் எகிப்தின் அபூகீரில் இருவரும் சந்தித்தனர். மாற்று ஸ்பார்க் பிளக் இல்லாமல் ஆஸ்பி அங்கே காத்திருந்தார். டாட்டா தம்மிடம் உபரியாக இருந்ததைக் கொடுத்து உதவினார். ஆஸ்பி கராச்சியை அடைந்து பரிசை வென்றார். டாட்டா சில மணி நேர வேறுபாட்டில் அதை இழந்தார். ஆஸ்பி 1960-இல் இந்திய வான்படையின் தலைமைத் தளபதியானார்.